கக்கத்துத் தையல்

அவள் கையை உயர்த்தவில்லை.

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைமேல் நான்கு சட்டைகள் வரிசையாகக் கிடந்தன. நான்கும் ஒரே அமெரிக்கக் கால்பந்து அணியினுடையவை. மாதிரிக்காகத் திருப்பூருக்கு வந்தவை.

முதலாவது கனத்த கம்பளி. அடுத்தது பருத்தி. மூன்றாவது, இழுத்தால் இழுத்தவன் கையோடு கிழிந்து போகும்படி மெல்லியதாகச் செய்தது. நான்காவது இன்றைய சட்டை. உடம்போடு ஒட்டுவது. விரலுக்குப் பிடியே கொடுக்காதது.

"நூறு வருசத்துல என்ன மாறியிருக்குது பாத்தீங்களா அம்மிணி?" என்றார் திருமூர்த்தி மாஸ்டர். "பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடற ஆட்டமுங்க இது. தொரத்தறவன் சட்டையப் புடிப்பான். அவங் கைக்குச் சிக்காம இருக்கறதுக்குத்தான் இத்தனை மாத்தமும்."

இப்போது அணிக்கு நூற்றாண்டு. ரசிகர்களுக்கு விற்க அந்த முதல் சட்டையே மீண்டும் வேண்டுமாம்.

அதன் கக்கத்தில் ஒரு கிழிசல் இருந்தது. யாரோ இழை பின்னி அதை மூடியிருந்தார்கள். அதன் பக்கத்தில், வாங்குபவர் ஒட்டி அனுப்பிய சிறு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"இந்தத் தையலும் அப்படியே வேணுமாம். கையாலயே. தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க. நாளையிலிருந்து சாம்பிள் ரூமுக்குப் போயிரலாம்."

மாதிரிச் சட்டைகள் தைக்கும் சாம்பிள் அறையில் நாற்காலி உண்டு.

செக்கிங் மேசையில் பதினோரு ஆண்டுகளாக அவள் நின்றுகொண்டிருக்கிறாள். மாலையில் கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சிட்டுக்கொள்ளும்.

அந்தத் தையல் அவளுக்குத் தெரியும். முதலில் நெடுக்கே இழைகள். பிறகு குறுக்கே, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக. முடிச்சு உள்பக்கம் ஒளிந்திருக்கும்.

அன்று அவள் அணிந்திருந்த ரவிக்கையின் கக்கத்திலும் அதுவே இருந்தது. ஒரே இடத்தில், மூன்றாவது முறையாக.

கம்பெனி கொடுத்த நீலக் கோட்டுக்குக் கை கிடையாது.

சென்ற மாதம் மேல் அடுக்கிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுக்க அவள் கையை நீட்டினாள். அருகில் நின்ற துளசிமணி, பழுதான துணியில் ஒட்டும் சிவப்பு அம்பு ஒன்றை அவள் கக்கத்துத் தையலின் மேல் ஒட்டினாள்.

"பீஸு ரிஜெக்ட்டுங்கோ."

மேசை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து மேல் அடுக்குக் கட்டுகளை அவள் எடுப்பதில்லை.

இப்போது துளசிமணி அவளை முழங்கையால் இடித்தாள்.

"தூக்குடி."

அது கேலியா, பரிவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் அவள் முன்னால் வந்து நின்றார். "உங்களுக்கு வருமுங்களா?"

"தெரியாதுங்க."

உதிர்ந்த ஓர் இறகை மறைப்பதற்காக, தனக்குப் பறக்கவே தெரியாது என்று ஒரு பறவை சொல்லிவிட்டதாம்.

பின்வரிசையில் வாசுகி கையை உயர்த்தினாள். நாற்காலி அவளுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் புதிதாகத் தைத்த சட்டைகள் செக்கிங் மேசைக்கு வந்தன.

வாசுகியின் தையல் துணியைச் சுருக்கி இழுத்திருந்தது. அழுகையை அடக்கிய வாயைப் போல.

பழுதென்று ஒட்ட அவள் ஓர் அம்பை உரித்தெடுத்தாள். அது விரல் நுனியிலேயே நின்றது.

கடலுக்கு அப்பால், நூறு ஆண்டுகளுக்கு முன் தைத்த அந்தக் கையை நினைத்தாள். சட்டையின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, நிறம் மாறாமல் தைத்த கை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்றே தைத்த தையல் அது.

அம்பை மேசை விளிம்பில் ஒட்டினாள்.

செக்கிங் மேசையில் ஊசி இருக்கக் கூடாது. கண்டுபிடித்தால் அன்றோடு வேலை போய்விடும். அவளுடைய கோட்டின் விளிம்பு மடிப்பில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊசி ஒன்று இருந்தது.

தையலைப் பிரித்தாள். முழங்கைகளை விலாவோடு ஒடுக்கிக்கொண்டு, மீண்டும் தைத்தாள்.

ஒன்று. இரண்டு.

மூன்றாவது சட்டையின் பாதியில் மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. ஊசியை இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தெரியாது என்று அவரிடமே சொன்ன தையல் அது.

துளசிமணி பார்த்துவிட்டாள்.

ஓர் எட்டு நகர்ந்து, அவளுக்கும் வழிக்கும் நடுவில் வந்து நின்றாள். ஒரு சட்டையை எடுத்து, இரு கைகளாலும் விரித்து, குழல் விளக்குக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள். திரைச்சீலையைப் போல.

"என்னங்க அம்மிணி?"

"கறையாட்டத் தெரிஞ்சுதுங்க மாஸ்டர். ஒண்ணுமில்லீங்க."

செருப்புச் சத்தம் கடந்து போயிற்று.

அவள் தலை நிமிர்ந்தாள்.

துளசிமணியின் கோட்டுக்கும் கை கிடையாது. அவளுடைய ரவிக்கையின் கக்கத்தில், ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். இதுவரை யாரும் தைக்காதது.

மாஸ்டர் வரிசையின் கடைசிக்கே போய்விட்டார். துளசிமணி திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை இறக்கவும் இல்லை.

ஊசியில் இன்னும் நூல் இருந்தது.