சலூன் துண்டு

அமெரிக்காவின் டியர்போர்னில் பெண்கள் மட்டும் வரும் சலூன். தலை முழுக்க மருதாணிக் குழம்போடு உட்கார்ந்திருக்கிறாள் ருதைனா. செல்போன் அடிக்கிறது. நாளைக்கு என்று சொன்ன மருந்துக்கடை நேர்காணல், இன்றே வீடியோ காலில். அவள் முக்காடோ வாசலருகே கொக்கியில் தொங்குகிறது. சலூன் நடத்தும் சாமியா தன் தோளில் கிடந்த பூப்போட்ட துண்டை அவள் தலையில் சுற்றிவிடுகிறாள். முடி உலர்த்தும் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. போன மாதம் ஒரு கிளினிக்கில், "அந்தத் துண்டைக் கழட்டிட்டு வா, வேலை தர்றேன்" என்று ஒருவன் முக்காட்டைப் பார்த்துச் சொன்னது இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்று நிஜமாகவே துண்டு. நெற்றியில் பச்சைக் குழம்பு வழிகிறது. துடைக்காமல் பேசுகிறாள்.

"வேலைக்கும் இதைக் கட்டிக்கிட்டுத்தான் வருவீங்களா?" என்கிறாள் திரையில் இருக்கும் மேனேஜர்.

"தினமும் முக்காடு போடுவேன், மேடம். இந்தத் துண்டு மட்டும் சலூனுக்குச் சொந்தம்."

மேனேஜர் சிரித்துவிடுகிறாள். "சரி, உங்களோடதைப் போட்டுக்கிட்டுத் திங்கக்கிழமை வந்துடுங்க."

திரை அணைந்ததும் சாமியா குலவையிடுகிறாள். நாற்காலிக்கு நாற்காலி அது தொற்றிக்கொள்கிறது. ருதைனா அழுதுகொண்டே சிரிக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டுச் சாமியா கூப்பிடுகிறாள்: "அந்தத் துண்டைக் கழட்டிட்டு வாடி, தலையை அலசணும்."