உமிக் கிடங்கு

அந்த எலி வளையில் நெல் வைக்க இடம் கிடையாது. வளை முழுக்க உமிதான். நெல் எடுத்துத் திரும்பும் எலி, தான் வந்த வழிக்குரிய குவியலில் ஓர் உமியைப் போட வேண்டும். வழியில் பூனையைப் பார்த்திருந்தால் அந்த உமியைக் கடித்துப் போட வேண்டும். கிடங்கைக் கவனித்துவந்த மாசிலாமணி எலி, தினமும் குவியல்களை ஆராய்ந்து அன்றைய வழியைச் சொல்லும்.

"மில் வழியில பாதி உமி கடிபட்டிருக்கு. களத்து வழியும் மோசம்" என்றது ஒருநாள். "கொட்டகை வழியில மட்டும் கடிபட்ட உமி ஒண்ணுகூட இல்லை. எல்லாரும் அங்கேயே போங்க."

"ஐயா, அந்த வழிக்கு உமியே இல்லையே" என்றது சுமை தூக்கும் அஞ்சுகம் எலி. "போன யாரும் திரும்பி வரலை."

"அங்கே அவ்வளவு தீனி! வர மனசில்லை. உனக்குத் தோணுறதைக் கேட்டு நடக்கிறதுன்னா கிடங்கு எதுக்கு?"

எல்லா எலிகளும் கிளம்பின. அஞ்சுகம் மட்டும் கால் சுளுக்கு என்று பின்தங்கி, மில் வழியாக ஊரைவிட்டே நழுவியது.

மறுநாள் காலை வளை வாசலில் பூனை வந்து நின்றது. அதன் மீசையில் ஓர் உமி ஒட்டியிருந்தது. மாசிலாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொட்டகை வழியிலிருந்து வந்த முதல் உமி! எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடியே இல்லை.

"வழி எப்படி இருந்தது?"

"அருமையான வழி" என்றது பூனை. "இன்னும் ஆள் அனுப்புங்க."

"ஆள் தீர்ந்துபோச்சே. சரி, நானே போறேன்."

"அவ்வளவு தூரம் எதுக்குங்க?" என்றது பூனை.