மேடு இழுக்குமா?

"நூறு குதிரைன்னு அட்டையில போட்டிருக்கீங்க. எனக்கென்னவோ நாலு கழுதைக்கு மேல தெரியலையே!"

திறந்திருந்த பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலேயே சொன்னார் அவர். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஷோரூமுக்குள் நுழைந்த பத்து நிமிடத்தில் அந்தப் பெருமையை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அவள் சிரித்து வைத்தாள். ஜீப் விற்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. ஒரு வண்டிகூட விற்றபாடில்லை. "இந்த மாசமும் முட்டைன்னா, அடுத்த மாசம் நீ சிரமப்பட்டு வரவேண்டாம்மா" என்று காலையில்தான் மேலாளர் இனிக்க இனிக்கச் சொல்லியிருந்தார்.

"இன்ஜின் சின்னதுதான் சார், ஒன்றரை லிட்டர். ஆனா ஃபோர் வீல் போட்டுட்டா எந்த மேட்டையும் இழுத்துடும்."

"அதை நீங்க சொன்னாப் போதுமா? நியூட்டன் ஒத்துக்கணுமே?"

ஊருக்கு வெளியே குன்றின்மேல் அவருடைய நண்பர் வீடு இருக்கிறதாம். கல்லும் குழியுமான பாதை. சாதாரண கார் பாதியிலேயே படுத்துவிடுமாம்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை அங்கே போறவன் நான். அந்தப் பாதையில ஓட்டிக் காட்டுங்க. வெறும் வண்டியா இல்லை, பாரத்தோட. வெறும் வண்டியை ஏத்த இன்ஜின் எதுக்கு? நாலு பேர் தள்ளினாப் போதுமே!"

கண்ணாடி அறைக்குள்ளிருந்த மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார். கேட்டதையெல்லாம் செய் என்று அர்த்தம்.

ஆசிரியர் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் எடை எழுதியிருந்தது. பன்னிரண்டு கிலோ, பதினெட்டு கிலோ, இருபத்து மூன்றரை கிலோ.

"பரிசோதனைன்னா துல்லியம் வேணும்மா. எனக்கு இடுப்புப் பிடிப்பு, நீங்களே ஏத்திடுங்க."

முதல் பெட்டியைத் தூக்கியதுமே அவளுக்குக் கை கழன்றுவிடும்போல இருந்தது. "உள்ளே என்ன சார் இருக்கு?"

"நிறை" என்றார், கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில்.

முதல் நடை இருநூறு கிலோ. வண்டி முணுமுணுக்காமல் குன்றேறியது. உச்சியில் இறங்கியதும் ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"மூணாவது வளைவுல மூச்சு வாங்குச்சே, கவனிச்சீங்களா?"

"அது நான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, பெட்டிகளை இறக்குங்க. இறக்கத்துல வெறும் வண்டி எப்படிப் பிடிச்சு நிக்குதுன்னு பார்க்க வேண்டாமா?"

நண்பர் வெளியூர் போயிருந்தார். சாவி ஆசிரியரிடமே இருந்தது. பெட்டிகள் கூடத்துக்குப் போயின. அங்கேயும் வழியில் கிடக்கக்கூடாதாம். சுவரோரமாக, ஈரம் படாத இடமாகப் பார்த்து அடுக்கச் சொன்னார்.

இரண்டாம் நடை முந்நூறு கிலோ. மூன்றாம் நடை நானூறு. அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கடைசி வளைவில் பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கின. வண்டி ஒரு கணம் பின்வாங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றி, மெல்ல மெல்ல மிதித்தாள். இன்ஜின் உறுமியது, சக்கரம் ஒரு கல்லைக் கவ்வியது, வண்டி விறுவிறுவென்று மேலே ஏறிப்போய் நின்றது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாகக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்ததெல்லாம் உண்மைதான் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"இப்போ சொல்லுங்க சார்!"

"ஏறுச்சு. இல்லேங்கலை. ஆனா மனசு வெச்சு ஏறலை."

"தொள்ளாயிரம் கிலோ சார்! ஒரு தடவைகூட நின்னுடலையே!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஆயிரம் ஆகலையே!"

கடைசிப் பெட்டியையும் அவள் உள்ளே கொண்டுபோய் வைக்கும்வரை காத்திருந்து தீர்ப்பை வாசித்தார். "சின்ன இன்ஜின் சின்ன இன்ஜின்தான். எனக்குப் பவர் பத்தாது. நண்பர் வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன், நீங்க கிளம்புங்க."

ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அட்டை விளிம்பு அறுத்துச் சிவந்துபோன கைகளால் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மேலாளரிடம் என்ன சொல்வது? இத்தனை பாடுபட்டும் கைக்கு வந்த ஆள் நழுவிவிட்டாரே! கோபமெல்லாம் வண்டிமேல் திரும்பியது. "இன்னும் ஒரு அரை லிட்டர் உனக்கு இருந்து தொலைச்சா என்னவாம்?" என்று டேஷ்போர்டில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

இரண்டாவது வளைவில் எதிரே ஒரு பெரிய ஜீப் திணறித் திணறி ஏறி வந்தது. வேறு கம்பெனி வண்டி. பக்கவாட்டில் 'டெஸ்ட் டிரைவ்' என்று எழுதியிருந்தது. அவள் ஓரங்கட்டி வழிவிட்டாள். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் தொப்பலாக வியர்த்துப்போய் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்கதவு வழியாகக் கட்டில் கால்கள் நான்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முன்சீட்டில், மடியில் சுவர்க்கடிகாரத்தை அணைத்தபடி ஒரு அம்மாள். "பெரிய இன்ஜின்தான் தம்பி, ஆனா சத்தம் காதைப் பொளக்குதே. யோசிச்சுச் சொல்றேன்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் வண்டியிலும் ஒட்டியிருந்த அதே எழுத்தைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, மேலே எங்க வீட்டுக்காரர், அந்த வாத்தியார், பாத்திரம் பண்டமெல்லாம் இறக்கிட்டாரா? கட்டிலும் மெத்தையும் இதுல வந்துடுச்சு, இத்தோட பழைய வீடு காலி!"