திரும்பாமல் நிற்கிறாள்

கலிபோர்னியாவின் மில்பிடாஸில் இப்போதுதான் விடிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ்களின் அறையில், டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்த போனுக்குள் பிலிப்பைன்ஸில் மணிலாவின் இரவு ஆட்டம் ஓடுகிறது. மாரிசெலின் மகன் ஜெரிக்கோ சம்பளத்துக்கு ஆடும் முதல் பாஸ்கெட்பால் ஆட்டம். இரண்டு அணியும் சமநிலை. கடைசி நொடியில் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் வளையத்துக்குள் பந்தெறிய இரண்டு வாய்ப்பு. தான் பார்த்தால் பந்து உள்ளே போகாது என்று, மாரிசெல் போனுக்கு முதுகைக் காட்டி மைக்ரோவேவையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் பள்ளிக்கூடத்தில் ஆடிய நாளிலிருந்தே அப்படித்தான். அவளுக்குப் பதிலாகப் பார்ப்பது, கூட வேலை பார்க்கும் ஜெயகுமாரி. பந்து வளையத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுகிறது. "மாரி! யுவர் சன் போட்டுட்டான்டி!" என்று ஜெயகுமாரி மேஜையைத் தட்டுகிறாள். நீலச் சீருடைக்குள் மாரிசெலின் தோள்கள் சிரிப்பில் குலுங்குகின்றன. ஆனால் திரும்பவில்லை. தோளுக்கு மேலாக ஒற்றை விரலை உயர்த்திக் காட்டுகிறாள்: இன்னும் ஒன்று இருக்கிறது.