தாய்க்குச் செய்த பெட்டி

உயிரோடு இருக்கிற தாய்க்கு எவனாவது பிரேதப்பெட்டி செய்து வைப்பானா? லின் முதலாளி செய்து வைத்திருந்தார்.

ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் அவருடைய சீனச் சாப்பாட்டுக்கடையில் விமலநாதன் கோப்பை கழுவுகிறவன். எண்பத்தொன்பதில் அகதியாக வந்ததிலிருந்து இந்தப் பத்து வருசமும் அங்கேதான் வேலை. இத்தனை வருசத்தில் முதலாளியின் வாயால் ஒரு சுடுசொல் கேட்டதில்லை. முதலாளி என்றால் இவரல்லவோ முதலாளி என்று கண்ட தமிழரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

அன்றைக்கு அரிசி மூட்டை எடுக்கக் கீழே கெல்லர் என்கிற நிலவறைக்கு இறங்கினான். ஒரு மூலையில் துணியால் மூடி என்னவோ நீட்டாகக் கிடந்தது. சும்மா கிடந்த துணியைத் தூக்கிப் பார்த்தான். சிவப்புப் பூச்சின் மணம் இன்னும் போகாத பிரேதப்பெட்டி!

யார் செத்தது என்று பதறிக்கொண்டு மேலே ஓடிவந்து கேட்டான். ஒருவரும் சாகவில்லை, அது அம்மாவுக்கு, நாளைக்கு அவவுக்குத் தொண்ணூறு வயது முடிகிறது, அதற்கு நான் கொடுக்கிற பரிசு என்றார் முதலாளி, முட்டைக்கோவா வெட்டிக்கொண்டே.

பிறந்தநாள் பரிசாம்!

வாயில் வந்ததை விழுங்கிக்கொள்ள விமலநாதனுக்குப் பெரும்பாடாகிவிட்டது. மாடி அறையில் யன்னலோரம் இருக்கிற அந்தக் கிழவியை அவனுக்கு நல்லாகத் தெரியும். சீனாவில் சக்கரவர்த்தி ஆண்ட காலத்தில் பிறந்தவ. சின்ன வயதிலேயே இறுக்கிக் கட்டி வளர்த்த பாதங்கள், கைக்குள் அடங்கிவிடும். பாவம், தானாக நாலடி நடக்க ஏலாது. அவனைக் கண்டால் பொக்கைவாய் திறந்து சிரிக்கும் மனுசி.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி கத்தியைக் கீழே வைத்தார். சக்கரவர்த்தி காலத்தில் எங்கள் ஊரில் இதுதான் மரியாதை என்றார். அம்மாவின் பாட்டனாருக்கு அறுபது வயதானபோது, பிள்ளைகள் நல்ல மரமாகத் தேடிப் பெட்டி செய்து வீட்டிலேயே வைத்தார்களாம். வருசாவருசம் அவருடைய பிறந்தநாளுக்கு அதற்கு ஒரு பூச்சு. வந்த போன ஆட்களுக்கெல்லாம் கிழவர் அதைத் தட்டிக் காட்டிப் பெருமையடிப்பாராம். பெட்டி இல்லாத கிழடுகளைப் பார்த்துத்தான் ஊர் இரங்குமாம்.

"இந்தத் தூரதேசத்தில் என்னை என்ன செய்யப்போகிறாய் என்று அம்மா கனகாலமாய்க் கேட்டுக்கொண்டிருந்தா. பூச்சுப் பூச முன்னம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். தடவித் தடவிப் பார்த்தா. அன்றைக்குத்தான் நிம்மதியாய் நித்திரை கொண்டா" என்றார்.

விமலநாதன் மண்டையை ஆட்டினானே தவிர, உள்ளுக்குள் கொதித்தது. ஆயிரம் கதை சொன்னாலும், தாய்க்கு நாள் எண்ணுகிறவன் நாள் எண்ணுகிறவன்தான்.

மத்தியான இடைவேளைக்கு பஸ் ஏறி வீட்டுக்குப் போனான். அந்த பஸ் கல்லறைகள் நிறைந்த பெரிய சவக்காலையைத் தாண்டித்தான் போகும். போன வருசம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், அவனுடைய தாய் அன்னப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கேட்டா, இங்கே சைவ ஆட்களையும் மண்ணிலை தாழ்க்கிறதுதானோ, எரிக்க விடமாட்டினமோ என்று.

"அம்மா, அபசகுனமாய்க் கதையாதேங்கோ. நீங்கள் நூறு வயசு இருப்பியள்" என்று அவன் வாயடைத்துவிட்டான்.

எரிக்க விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கூட்டாளி ஒருவனின் கிரியைக்குப் போய், எரிக்கும் இடத்தில் நின்றுவிட்டு வந்தவன். ஆனால் அதைத் தன் வாயால் தாய்க்குச் சொல்ல மனம் வருமா? அவ்வளவு பாசம். பிறகும் ஒரு தரம், இரண்டு தரம் அன்னப்பிள்ளை கதையைத் தொடங்கிப் பார்த்தா. அவன் விடவில்லை. இப்போதெல்லாம் பஸ் அந்த இடத்துக்கு வந்தால் சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ளுவா. குளிராக்கும் என்று அவன் யன்னலைச் சாத்திவிடுவான்.

வீட்டில் அன்னப்பிள்ளை குசினியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. சப்பாத்தைக் கழற்றியதும் கழற்றாததுமாக, கண்டது கேட்டது அத்தனையையும் கொட்டித் தீர்த்தான் விமலநாதன். கேட்டுக்கொண்டு நின்ற மனைவி கலாதேவி, இப்படியும் ஒரு பிள்ளையா என்று முகத்தைச் சுளித்தாள்.

அன்னப்பிள்ளை மட்டும் ஒன்றே ஒன்று கேட்டா.

"இப்ப அந்த மனுசிக்குப் பயமில்லையாமோ?"

"நல்லாய் நித்திரை கொள்ளுறாவாம். அதை விடுங்கோ அம்மா. இவனெல்லாம் ஒரு மகனே? நான் உங்களை ஒருநாளாவது சாவைப் பற்றிக் கதைக்க விட்டனானே?"

அன்னப்பிள்ளை வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, மகனை நிமிர்ந்து பார்த்தா.

"இல்லை மோனை. ஒருநாளும் விடேல்லை."