பிளாஸ்டிக் கொடிக்கு வந்த பல்வலி

பல் டாக்டர் கிளினிக்கில் ஒரு மணி பிளான்ட்டும், பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கொடியும் இருந்தன. மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பார்கள். அதனால் பல்வலி என்று வருகிறவர்களில் பாதிப்பேர், ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஒரு துண்டைக் கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

"அக்கா, இன்னிக்கும் பல்வலியா?" என்று பிளாஸ்டிக் கொடி கேட்கும்.

"ரெண்டு பல்வலிடி. ஒண்ணு ஏழாவது மாடிக்குக் குடி போகுது" என்று மணி பிளான்ட் மிதப்பாகச் சொல்லும். செடிகள் பாஷையில் கிள்ளப்படுவதற்குப் பல்வலி என்று பேர் வந்தது இப்படித்தான்.

பிளாஸ்டிக் கொடிக்கு வயிறு எரியும். ஆறு வருஷமாக அதைத் தூசி தட்டக்கூட ஒருத்தரும் தொட்டதில்லை.

ஒருநாள், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த சுலோசனா டீச்சர், அவசரத்தில் பிளாஸ்டிக் கொடியில் ஒரு துண்டை டப்பென்று ஒடித்துக்கொண்டு போனார்.

"அக்கா, அக்கா, எனக்குப் பல்வலி" என்று அது தலைகால் புரியாமல் ஆடியது.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்த டீச்சர், பக்கத்து நாற்காலிக்காரியிடம் குசுகுசுத்தார்: "இன்னிவரைக்கும் ஒரு இலை பழுக்கலைம்மா. திருடின செடியோட ராசியே தனி."