இம்மியும் அசையாதவள்

புதுக் கணினி வாங்குமுன் அக்காவின் மூளைப் படங்களை அதில் ஓட்டிப் பார்ப்பது அவளும் தங்கையும் வேலை பார்த்த அந்த ஆய்வகத்தின் வழக்கம். ஸ்கேனுக்குள் இம்மியும் அசையாமல் படுத்திருந்தவள் அவள் ஒருத்திதான். தலையசைவைக் காட்டும் கோடு அவளுக்கு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக வரும். அவள் இறந்த பிறகு கணினிகளைத் தேர்ந்தெடுப்பது தங்கையின் வேலையாயிற்று.

முதல் இரண்டு கணினிகளும் பாரம் தாங்காமல் திணறின. பெரிய நினைவகம் கொண்ட மூன்றாவது, கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது.

"யம்மாடி, என்ன வேகம்!" என்று கடைக்காரரே வாய்பிளந்தார்.

கோடு வழக்கம்போல் நேராக நின்றது. தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. பழக்கதோஷத்தில் திரையிடமே கேட்டாள்.

"இதையே வாங்கிடலாமாக்கா?"

யாரோ தலையாட்டினால் எப்படி வருமோ அப்படி, கோடு மெல்லக் கீழே இறங்கி மேலே ஏறியது.